பெயரின் மேல் ஒரு துண்டு டேப்

இரங்கல் கூட்டத்தில் அவரைப் பற்றி மூன்று பொய் சொன்னார்கள். முதலில் பேசியவர், மிகவும் மென்மையானவர் என்றார். அடுத்தவர், எல்லோரையும் அனுசரித்துப் போனவர் என்றார். கடைசியாக ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் எழுந்து, அபூர்வ நோய் வந்த குழந்தைகளுக்கு மருந்து கண்டுபிடித்து, பெற்றோருக்கெல்லாம் நம்பிக்கை தந்த பெண்மணி என்று முடித்தார். கைதட்டினார்கள். மேடையில் சாமந்தி மாலைக்குள் இருந்த போட்டோவில் அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கிற போட்டோ ஒன்றுகூட அகப்படவில்லையாம்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். துக்கக் கூட்டத்தில் போய்ச் சண்டை போட்டுவிடாதே என்று வீட்டுக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். பக்கத்தில் சக்கர நாற்காலியில் என் மகள் கயல். அவள் யாருக்கும் எந்த வாக்கும் கொடுத்துவிட்டு வரவில்லை. கையைத் தூக்கிவிட்டாள். அதற்குப் பிறகு நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த மூன்று பொய்யையும் நான் திருத்தியாக வேண்டும்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. "பேரு தெரிஞ்சா கண்ணு பொய் சொல்லும்" என்று அடிக்கடி சொன்னவர் அவர். எதையும் பெயருக்கு மேல் டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் பார்ப்பார். அவருக்கும் அப்படியே ஒரு துண்டு ஒட்டிவிடுகிறேன். இதற்காவது கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த மென்மையைப் பார்ப்போம். கயலுக்கு அப்போது ஆறு வயது. மற்றப் பிள்ளைகள் வளர, இவள் நின்றுவிட்டாள். மணிக்கட்டு தொளதொளவென்று மடங்கும். நெஞ்செலும்பு முன்னால் துருத்தியது. மூளை மட்டும் கத்தி மாதிரி. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து கடைசியில் ஒரு நோயின் பெயர் கிடைத்தது. அதை உறுதி செய்யவும் ஆராய்ச்சிக்கும் கையிலிருந்து துளி தோல் எடுக்க வேண்டும் என்றார்கள். அதை வாங்கிப்போக ஓர் அம்மாள் வந்து நின்றிருந்தார். கசங்கிய காட்டன் புடவை, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ, கையில் ஒரு தெர்மோகோல் பெட்டி. தமிழ் முகம் என்று தெரிந்ததும் எனக்கு நெஞ்சு இளகிவிட்டது.

"டாக்டர், நீங்கதான் எங்க குழந்தையைக் காப்பாத்தணும்" என்றேன்.

"நான் வைத்தியம் பாக்கிற டாக்டர் இல்ல" என்றார். திருநெல்வேலிப் பேச்சு, முப்பது வருஷத் தில்லி அதன்மேல் ஒரு கீறல்கூடப் போட்டிருக்கவில்லை. "பிள்ளை தோல்ல கொஞ்சம் எனக்கு வேணும். அதை வளத்துப் பாப்பேன். அதனால உங்களுக்கு ஒரு லாபமும் வராது. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. குடுப்பியளா?"

எனக்குச் சுரீரென்றது. இப்படியா பேசுவார்கள், பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவளிடம்? அதற்குள் கயல் நர்ஸைப் பார்த்து, வலிக்குமா என்று கேட்டாள். எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று நர்ஸ் கொஞ்சினார்.

"எந்த எறும்பு அப்படிக் கடிக்கி?" என்றார் அந்த அம்மாள். "ஏட்டி, வலிக்கும். நல்லாவே வலிக்கும். ஊசி போட்டு மரத்துப்போக வைப்பாங்க, அந்த ஊசியும் வலிக்கும். அதுக்குப் பொறவு வலிக்காது."

கயல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அதுவரை எல்லா ஆஸ்பத்திரியிலும் கத்தி ஊரைக் கூட்டியவள், சட்டைக் கையைத் தானே சுருட்டிவிட்டுக் கையை நீட்டினாள். ஊசிக்கு அழுதாள். அதற்கப்புறம் அழவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு அந்த ஆன்ட்டி சொன்னால்தான் எதுவும் உண்மை. என்னை ஒரு படி கீழேதான் வைத்திருந்தாள். எனக்கு அதில் இப்போதும் பொறாமை உண்டு.

அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை என்ன என்று எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நம் குருத்தெலும்பிலும் தோலிலும் செல்களுக்கு நடுவே புரோட்டியோகிளைகான் என்று ஒரு பொருள் இருக்கிறது. முருங்கை ஈர்க்கில் இலை இருப்பதுபோல ஒரு புரதத் தண்டில் நீள நீளமாகச் சர்க்கரைச் சங்கிலிகள். பழசானதும் அது செல்லுக்குள் இருக்கும் லைசோசோம் என்கிற பைக்குள் போகும். அங்கே என்சைம்கள் அதைத் துண்டு துண்டாக வெட்டிக் கரைக்கும். கயல் மாதிரிப் பிள்ளைகளுக்கு அந்த என்சைம்களில் ஒன்று பிறவியிலேயே வேலை செய்வதில்லை. வெட்டுப்படாத சங்கிலி பையிலேயே தங்கிவிடும். பை ஊதும், எலும்பு கோணும், மூச்சு இளைக்கும். இதே போலப் பல நோய்கள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு என்சைம் குறை.

லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அவர் முதல்முறை வந்தபோது, தனக்கு என்ன நோய் என்று கயலே கேட்டாள். அவர் திருப்பிக் கேட்டார்.

"உங்க காலனிக்குக் குப்பை வண்டி வராம இருந்தா என்னாவும்?"

"நாறும்."

"அதான். உனக்குள்ள ஒரு வண்டி வரல."

"எப்ப வரும் ஆன்ட்டி?"

"தெரியாது."

நான் அடுப்படியிலிருந்து கண்ணைக் காட்டினேன், சீக்கிரம் வரும் என்று சொல்லுங்களேன் என்று. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் சொன்னார். "தெரியாதுட்டி."

இப்படிப்பட்டவரைத்தான் அனுசரித்துப் போனவர் என்கிறார்கள். கரோல் பாகில் நாங்கள் காப்பிப்பொடி வாங்குகிற கடைக்காரரைக் கேட்டுப் பார்க்கட்டும். என் அப்பா குமாஸ்தாவாக வந்து அந்தப் பக்கம் வாடகைக்குக் குடியிருந்த காலத்திலிருந்து எங்களுக்கு அந்தக் கடைதான். மெட்ரோவுக்குப் பக்கம் என்று இவரையும் நான்தான் கூட்டிப்போய் விட்டேன். "நம்ம பொடி மாதிரி தில்லியிலேயே கிடையாதும்மா" என்று கடைக்காரர் ஏதோ பேச்சுக்குச் சொன்னார். இவர் விடவில்லை. "நீங்க பாத்தியளா?" என்றார். அந்த ஒரு கேள்வியிலிருந்து தப்பியவர்கள் இல்லை. கால்கிலோ அங்கே, கால்கிலோ வேறு கடையில் வாங்கிப்போய், என்னைக் கலக்கச் சொல்லி, எது எதென்று சொல்லக்கூடாது என்று மிரட்டி, மாற்றி மாற்றிக் குடித்தார். அடுத்த முறை போனபோது கடைக்காரரிடம் நேராகச் சொன்னார்.

"ரெண்டும் ஒண்ணுதான். என்னால வித்தியாசம் கண்டுபிடிக்க முடியல."

"என்னங்கம்மா இப்படிச் சொல்லிட்டீங்க?" கடைக்காரருக்கு முகம் செத்துவிட்டது.

"அதுக்கென்ன? இங்கயேதான் வாங்குவேன். கால்கிலோ போடுங்க."

அவருடைய ஆய்வுக்கூடத்திலும் இதே கூத்துதான், காப்பிக்குப் பதில் செல்கள். பிள்ளைகளிடமிருந்து எடுத்த தோல், சின்னச் சின்ன பிளாஸ்டிக் தட்டுகளில் இளஞ்சிவப்புத் தண்ணீருக்குள் வளரும். அதற்குத் தீனி வைக்கவேண்டும். தீபாவளி, ஹோலி என்று அதற்கு லீவு தெரியாது. ஒவ்வொரு தட்டிலும் இது யாருடைய செல், இதற்கு என்ன மருந்து போட்டது என்று மார்க்கர் பேனாவால் எழுதியிருக்கும். மைக்ராஸ்கோப்பில் வைத்து எது ஊதியிருக்கிறது, எது தெளிந்திருக்கிறது என்று எண்ணுகிற நாளில் மட்டும் அவர் அந்த எழுத்தைப் பார்க்க மாட்டார். வேறு யாராவது பேப்பர் டேப்பைக் கிழித்து எழுத்தின்மேல் ஒட்டித் தட்டுகளைக் கலைத்து வைக்க வேண்டும். வாசலில் நிற்கும் காவலாளி, கூட்டிப் பெருக்கும் அம்மா, கொரியர்க்காரர், யார் அகப்பட்டாலும் பிடித்து இழுத்து வருவார். அவர் சொந்த மாணவர்களை மட்டும் கூப்பிட மாட்டார். "அவங்களுக்கு ஆசை இருக்கும். ஆசை இருக்கிறவங்க கை நடுங்கும்" என்பார். எண்ணி முடித்துத் தெளிந்ததை இடது பக்கமும் ஊதியதை வலது பக்கமும் அடுக்கிய பிறகுதான் டேப்பை உரிப்பார்கள்.

உங்களுக்கு உங்கள் கண்ணின் மேலேயே நம்பிக்கை இல்லையா என்று ஒருநாள் கேட்டேன்.

"இருந்துச்சு. ரெண்டு தடவை ஏமாத்திட்டு" என்றார். எங்கே, எப்படி என்று சொல்லவில்லை. அவர் குடும்பம், கல்யாணம், சொந்த ஊர் எதைப் பற்றியும் எனக்குத் தெரியாது. கேட்டால் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார். அதிலும் தினமும் தயிர்சாதம்தான்.

இனி அந்த மருந்து. சிம்ரன் என்று அவரிடம் ஒரு ஆராய்ச்சி மாணவி இருந்தாள், ராஜோரி கார்டன் பெண், கெட்டிக்காரி. வேறு ஏதோ நோய்க்காகக் கடையிலேயே விற்கிற ஒரு மாத்திரையைக் கரைத்து இந்தச் செல்களுக்குப் போட்டுப் பார்த்தாள். ஊதிக் கிடந்த பைகள் வடிந்தன. மறுபடியும் போட்டாள். மறுபடியும் வடிந்தன. விஷயம் இயக்குநர் காதுக்குப் போனது, இரங்கல் கூட்டத்தில் பேசிய அதே ஆள்தான். அங்கிருந்து பத்திரிகைக்குப் போனது. "நான் இன்னும் பாக்கல" என்று இவர் வராந்தா அதிரக் கத்தியதாகக் கேள்வி. எந்த முடிவையும் தன் கையால் ஒருமுறை செய்து பார்க்காமல் வெளியே விடுவதில்லை என்பது அவர் வழக்கம். இயக்குநருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அமைச்சகத்து அதிகாரிகள், பெற்றோர் சங்கம், பத்திரிகைக்காரர்கள் எல்லோரையும் வைத்து மருந்தை அறிவித்து, அமைச்சகத்திடம் பணம் கேட்க ஒரு கூட்டத்துக்கு நாள் குறித்துவிட்டார்.

எங்கள் பெற்றோர் சங்கத்தில் அந்த வாரம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஒரு பிள்ளையின் அப்பா போனில் அழுதார். நான் சர்க்கரைப் பொங்கல் வைத்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தேன். கடைக்குப் போய் அந்த மாத்திரையில் ஓர் அட்டையும் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கூட்டத்தில் அறிவித்ததும் அன்று ராத்திரியே கயலுக்குக் கொடுத்துவிடுவதென்று முடிவு செய்திருந்தேன். நான் மட்டுமா, பாதிப் பேர் வாங்கியிருந்தார்கள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் அவரிடமிருந்து போன்.

"வந்து டேப் ஒட்டணும்."

"நானா? எனக்கும் ஆசை இருக்கே மேடம்."

"நீங்க ஒட்டி, நீங்க கலைச்சு, நீங்களே உரிக்கணும். நாளைக்கு என்னைத் திட்டும்போது, நான் பாத்தேன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்லா."

அதற்கு அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை. அலுவலகத்தில் அரைநாள் லீவு போட்டுவிட்டு ஓடினேன். சோதனையை அவர் முதலிலிருந்து தன் கையாலேயே திரும்பச் செய்திருந்தார். பாதித் தட்டுக்கு மாத்திரை போட்டது, பாதித் தட்டு சும்மா. நான் எழுத்துகளின் மேல் டேப் ஒட்டினேன். அதில் ஒன்றில் கயலின் எண் இருந்தது. அதற்கு மட்டும் டேப்பைக் கொஞ்சம் தடவிக் கொடுத்தேன். கலைத்து வைத்தேன். அவர் உட்கார்ந்தார். சாப்பிடவில்லை, எழுந்திருக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்து இடதும் வலதுமாக அடுக்கி முடித்தபோது அவர் முதுகு ரவிக்கையெல்லாம் வியர்வை. ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"உரிங்க."

இடது பக்கத்தின் முதல் தட்டை உரித்தேன். மாத்திரை. எனக்கு உயிர் வந்தது. இரண்டாவது, சும்மா. மூன்றாவது, சும்மா. நான்காவது, மாத்திரை. வலது பக்கமும் அதே கலவைதான். எல்லாவற்றையும் உரித்துவிட்டு, ஏதோ என் கை தவறிக் கலந்துவிட்டதுபோல் தட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணும் இல்ல" என்றார் அவர். "மாத்திரை ஒண்ணும் செய்யல."

சிம்ரன் வெளுத்துப்போய் நின்றாள். அப்படியானால் அவள் பார்த்தது என்ன? அவள் அழ ஆரம்பித்தாள். "ரோனா பாத் மே. போதல் திகாவ்" என்றார் இவர். அழுவதெல்லாம் அப்புறம், பாட்டிலைக் காட்டு. தீனித் தண்ணீரில் கலப்பதற்குக் கன்றின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் என்று ஒன்று உண்டு. அதை முதலில் சூடுபடுத்தினால்தான் அதில் இருக்கும் என்சைம் அடங்கும். சிம்ரனிடம் சூடுபடுத்திய பழைய பாட்டில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கிறது. வீணாக்க மனசு வராமல், மருந்து போடாத சும்மா தட்டுகளுக்கு அதையே ஊற்றித் தீர்த்திருக்கிறாள். மருந்து போட்ட தட்டுகளுக்குப் புதுப் பாட்டில். இரண்டு முறையும் அதைச் சூடுபடுத்த விட்டுப்போயிருக்கிறது. மிச்சக் குழம்பை வீட்டு ஆளுக்கும் புதுக் குழம்பை விருந்தாளிக்கும் ஊற்றுகிற நம் வீட்டு வழக்கம்தான். செல்களைத் தெளிய வைத்தது மாத்திரை இல்லை, கன்றின் என்சைம்.

எனக்கு அதெல்லாம் எங்கே ஏறும்? நான் கத்தினேன். "நாளைக்கு மீட்டிங் மேடம். ஒரு நாள். ஒரே ஒரு நாள் வாயை மூடிட்டு இருங்க. பணம் சாங்ஷன் ஆகட்டும். அப்புறம் சொல்லிக்கலாம். உங்களுக்கென்ன, உங்க வீட்டுல யாருக்கு இது?"

அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. என் கைப்பையையே பார்த்தார். "மாத்திரை வாங்கிட்டியளோ?" என்றார்.

நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அதுக்குத்தான் நாளைக்கே சொல்லணும்" என்றார். "நாளன்னைக்குச் சொன்னா உங்க பிள்ளை வயித்துக்குள்ள போயிருக்கும்."

இயக்குநரும் அன்று மாலை இதையேதான் அவரிடம் கேட்டிருக்கிறார், ஒரே ஒரு நாள். மறுநாள் கூட்டத்தில் இயக்குநர் அவரைப் பேச அழைக்கவே இல்லை. அவராகவே எழுந்து போய் மைக்கின் முன்னால் நின்றார். திருநெல்வேலி ராகத்தில் இழுத்து இழுத்துப் பேசும் இந்தியில், மாத்திரை வேலை செய்யவில்லை, தவறு என் ஆய்வுக்கூடத்தில் நடந்தது, வாங்கி வைத்திருப்பவர்கள் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்றார். சிம்ரனின் பெயரை அவர் சொல்லவில்லை. என் பக்கத்தில் இருந்த அப்பா ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, நீ ஒரு பிள்ளையைப் பெற்றிருந்தால் தெரியும் என்று சபித்தார். அவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

முன்வரிசையில் இருந்த அமைச்சகத்து அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியானால் இந்த ஃபைலை மூடிவிடலாமே" என்று எழுந்தார்.

அப்போதுதான் அவர் குரல் உயர்ந்தது. மருந்து இல்லையென்றுதான் சொன்னேன், குழந்தைகள் இல்லையென்று சொல்லவில்லை, எதை மூடுகிறீர்கள் என்றார். வெளியிலிருந்து வந்த என்சைமை இந்தக் குழந்தைகளின் செல்கள் வாங்கிக்கொண்டு குப்பையை வெட்டுகின்றன என்பதை எங்கள் தவறே காட்டிவிட்டது. அந்த என்சைமையே மருந்தாகச் செய்து வெளிநாட்டில் ஏற்றுகிறார்கள். விலை அதிகம் என்று நீங்கள் வாங்கித் தருவதில்லை. அதைப் பற்றிப் பேசுவோம், உட்காருங்கள் என்றார். அந்த அதிகாரியைப் பார்த்து உட்காருங்கள் என்று சொன்னவரை நான் அதுவரை கண்டதில்லை. நானும் அரசாங்க ஊழியர்தான். எங்களுக்கு அந்த வார்த்தை வாயில் வராது. அதிகாரி உட்கார்ந்தார்.

அந்த மாத்திரை அட்டையை வீட்டுக்கு வந்து குப்பைத் தொட்டியில் போட்டேன். அவர்மேல் இருந்த கோபத்தை மட்டும் போடவில்லை. மாதக்கணக்கில் போனை எடுக்கவில்லை. அதற்காக இன்றுவரை நான் வருத்தப்படவும் இல்லை. நம்பிக்கையைப் பிடுங்கியவரிடம் கோபப்படக்கூட ஒரு தாய்க்கு உரிமை இல்லையென்றால் அப்புறம் என்ன? அவரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் ஆட்டோவில் வந்து இறங்கி, வாசலில் நின்றபடியே, "கோவம் இருந்தா இருக்கட்டும். கயலோட மூத்திரம் வேணும்" என்றார். அதைக் கேட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல்தான் கதவைத் திறந்தேன்.

என்சைம் மருந்துக்காகப் பெற்றோர் நாங்கள் கோர்ட்டுக்குப் போனோம். அவர் எங்கள் பக்கத்துச் சாட்சி. எங்கள் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். குணமாகும் என்று சொல்லுங்கள் என்று அவர் கெஞ்ச, "எலும்பு நிமிராது. மூச்சு சுலபமாகலாம். எவ்வளவுன்னு தெரியாது. குடுக்காம இருந்தா என்னாகும்னு தெரியும். அதை வேணும்னா சொல்லுதேன்" என்றார் இவர். நீதிபதியிடமும் ஒரு எழுத்து மாறாமல் அதையேதான் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. குறையெல்லாம் இவரே சொல்லிவிட்டாரே. இழுத்தடித்துக் கடைசியில் சில பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்க உத்தரவு வந்தது. அதில் கயல் ஒருத்தி. தன்னைச் சபித்தவராயிற்றே என்று நினைக்காமல், அந்த அப்பாவின் பிள்ளைக்காகவும் அவர் கோர்ட் வாசலில் வெயிலில் நின்றார். அந்தப் பையனுக்கு உத்தரவு வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. அன்றைக்கு அவர் டிபன் டப்பாவைத் திறக்கவில்லை.

கயலுக்கு வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் நரம்பு வழியே மருந்து ஏறத் தொடங்கியது. சில மாதத்தில் முகம் தெளிந்துவிட்டது, மூச்சு வாங்காமல் பேசுகிறாள், இரவில் குறட்டை குறைந்துவிட்டது என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரிடமும் சொன்னேன்.

"நீங்க பாத்தியளா?"

"பெத்தவ நான் பாக்காம?"

"பெத்தவளுக்கு ஆசை இருக்கும்" என்றார்.

வெட்டாத சங்கிலியில் கொஞ்சம் மூத்திரத்தில் வெளியே வரும். மருந்து வேலை செய்தால் அது குறைய வேண்டும். மருந்துக்கு முன்னால் எடுத்ததும் பின்னால் எடுத்ததுமாகச் சின்னக் குப்பிகளை ஃப்ரீசரில் வைத்திருந்தார். என்னையும் கயலையும் வரச் சொன்னார். டேப் சுருளை என் கையில் கொடுத்தார். இந்த முறை என் கை நடுங்கியது. அவரே சோதனையைச் செய்தார். நாங்கள் வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். பிறகு குப்பிகளை இரண்டு வரிசையாக வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"உரிங்க."

"நான் மாட்டேன்" என்றேன். நிஜமாகவே என்னால் முடியவில்லை. கயல்தான் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் உருட்டிக்கொண்டு போய், தன் வளைந்த விரலால் ஒவ்வொன்றாக உரித்தாள். சங்கிலி கூடுதலாக இருந்த வரிசை அத்தனையும் மருந்துக்கு முன்னால் எடுத்தது. குறைவாக இருந்த வரிசை அத்தனையும் பின்னால் எடுத்தது. ஒன்றுகூட மாறவில்லை.

நான் ஓவென்று அழுதுவிட்டேன். அவர் குப்பிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தரம் பாப்பம்" என்றார்.

"என்ன மேடம் இது! இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?"

"ஒட்டும்மா" என்றாள் கயல். "ஆன்ட்டி சொல்றது சரி. மிச்சக் குப்பி இருக்கில்ல? ஜல்தி, சீக்கிரம்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே மறுபடியும் ஒட்டினேன். மறுபடியும் காத்திருந்தோம். மறுபடியும் கயல் உரித்தாள். மறுபடியும் அதே.

"சரி" என்றார்.

அவ்வளவுதான். எந்த விஷயத்துக்கும் அவர் சரி என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு டிபன் டப்பாவைத் திறந்து தயிர்சாதத்தில் பாதியைக் கயலுக்குக் கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை.

கயலின் எலும்பு நிமிரவில்லை. அவர் சொன்னது போலவேதான். அவள் உயரம் இன்றும் மேசை உயரம். ஆனால் இன்றும் இருக்கிறாள், சட்டம் படிக்கிறாள், என்னோடு தினமும் சண்டை போடுகிறாள். அவர்தான் போய்ச் சேர்ந்துவிட்டார், ஓய்வு பெற்ற பிறகும் பழைய பாஸைக் காட்டி ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தவர், சாதாரணக் காய்ச்சலில்.

இரங்கல் கூட்டத்துக்கு வருகிறேன். கயல் தூக்கிய கையைப் பார்த்து, அஞ்சலி சொல்லப்போகிறாள் என்று நினைத்து ஒருவர் மைக்கைக் கொண்டுவந்து அவள் வாய்க்கு நேரே குனிந்து பிடித்தார். அவள் இந்தியில்தான் பேசினாள்.

"நஹி சர்" என்று மறுத்து ஆரம்பித்தாள். "ஆன்ட்டி மருந்து எதுவும் கண்டுபிடிக்கலை. அந்த மாத்திரை வேலை செய்யாதுன்னு கண்டுபிடிச்சாங்க. அதை நீங்க சொல்ல வேண்டாம்னு சொன்ன நாள்ல சொன்னாங்க. நான் அதைச் சாப்பிடாம இருந்தது அதனாலதான். எனக்கு இப்ப ஏறுற மருந்து கிடைச்சதும் அதனாலதான். உங்க மலர்ல அதை எழுதுங்க."

மலர் என்று அவள் சொன்னது, அட்டையில் "நம்பிக்கை தந்தவர்" என்று அச்சடித்து வாசலில் எல்லோர் கையிலும் கொடுத்திருந்த புத்தகம். இயக்குநர் தண்ணீர் குடித்தார். நான் கைதட்டினேன், வீட்டுக்காரர் சொல்லி அனுப்பியதையெல்லாம் மறந்து. பின்வரிசையிலிருந்து இன்னொரு கைதட்டல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் சிம்ரன். இப்போது வேறு ஊரில் அவளுக்கே ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அன்று காலை விமானத்தில் வந்திருந்தாள். எங்கள் இரண்டு பேர் கைதட்டலும் அந்தப் பெரிய கூடத்தில் அசிங்கமாகத்தான் கேட்டது. நாங்கள் நிறுத்தவில்லை.

அவர்கள் அதை எழுதப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நான் எழுதிவிட்டேன்.